வலப்பக்கம் ஒரு விரல்

அஸ்கி: போதும் மாமா... இதுக்கு மேல முன்பக்கத்த எழுப்பினா றோட்டப் பாக்க ஏலா, வானத்தப் பாத்துத்தான் ஓட்டணும்.

முகைதீன்பாவா: எழுப்பு மனே, எழுப்பு. மூக்குக் குத்திக்கொண்டு நிக்கிது இந்த ஜீப்பு. லைற்றப் போட்டா வெளிச்சம் முழுக்கக் காலடியிலதான் விழுது. தூரத்துல ஒரு மாடு நிண்டாலும் தெரியுதில்ல.

நதீரா: கல்முனை மாடு லைற்றுக்கும் விலகாது மச்சான், ஹோனுக்கும் விலகாது.

முகைதீன்பாவா: நீ சும்மா இரி புள்ள. ஜீப்பப் பத்தி உனக்கென்ன தெரியும்?

நதீரா: ஓம்... எனக்கென்ன தெரியும்.

அஸ்கி: மாமி, அந்த ஸ்பெனர ஒருக்கா எடுத்துத் தாங்க... அது இல்ல, பெரிய... ஓம், அதுதான். பாருங்க மாமா, இதுல முன்னுக்குச் சுருள் ஸ்பிறிங் இல்ல. நீட்டுக் கம்பி. பாரம் தாங்கித் தாங்கி முறுக்கு விட்டுப்போச்சி. இந்த போல்ட்ட இறுக்கினா முன்பக்கம் எழும்பும், தளத்தினா இறங்கும். இவ்வளவுதான் விசயம்.

முகைதீன்பாவா: மனுசனுக்கும் இப்பிடி ஒரு போல்ட்டு இருந்தா நல்லம்.

நதீரா: உங்களுக்கு ஒண்டு காணா. வயித்துக்குத் தனியா ஒண்டு வேணும்.

முகைதீன்பாவா: பாத்தயா மனே! கட்டாருல கிடந்து உழைச்சிக்கொண்டு வந்தவனுக்கு இதுதான் மரியாத.

நதீரா: உழைச்சதும் வந்திரிக்கி, தின்ட குபூஸ் ரொட்டியும் வந்திரிக்கி. ரெண்டும் கண்ணுக்கு முன்னால தெரியிதுதானே.

அஸ்கி: சரி, ஜீப்பத் தூக்கி நிண்ட ஜக்க இறக்கிட்டன். இனி ரெண்டு பேரும் ஏறி இரிங்க.

முகைதீன்பாவா: ஏன்? வேல முடியல்லயே.

அஸ்கி: நான் வெறும் வண்டியில மட்டம் பாக்கிற இல்ல மாமா. ஜீப்பு ஆள் இல்லாமலா ஓடுற? வழமையா இரிக்கிற ஆக்கள் வழமையா இரிக்கிற சீற்றுல இரிக்கணும். அந்தப் பாரத்தோடதான் அளப்பன். போன கிழமை ஒரு வயல்காரப் போடியார் வந்த, பின்னுக்கு நெல்லு மூட்டையும் ஏத்திக்கொண்டு வாங்க எண்டு திருப்பி அனுப்பின.

முகைதீன்பாவா: உன்ட வண்டி திருத்துற கராச்சிக்குச் சட்டமும் இரிக்கி. சரி... ஏறு புள்ள. நான் இஞ்சால... ஆ! இதென்ன, முழங்கால் ஸ்டேரிங்கில முட்டுது! சீற்று ஏன் இவ்வளவு முன்னுக்கு வந்திரிக்கி? நேத்தும் நான் பின்னுக்குத் தள்ளி விட்டேனே. மனே, நீயா இழுத்த?

அஸ்கி: நானா... ஓம்... இல்ல... காலத்தால எடுத்துக்கொண்டு வரக்குள்ள...

நதீரா: அவன்தான் இழுத்திருப்பான். கட்டை ஆள்தானே.

அஸ்கி: மாமி! நான் உங்கள விட எவ்வளவு உசரம்!

முகைதீன்பாவா: நான் சுபஹ் தொழப் பள்ளிக்குப் போன நேரம் வந்து எடுத்தயாமே. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே ஓட்டிக்கொண்டு வந்திருப்பன். இப்ப பாரு, சொந்த ஜீப்பப் பாக்க நாங்க ரெண்டு பேரும் ஓட்டோவுல வந்து இறங்கியிரிக்கம்.

அஸ்கி: உங்களக் கரைச்சல் படுத்துவான் ஏன் எண்டுதான்... அசையாம இரிங்க மாமா, அளக்கிறன். மாமி, நீங்களும். ம்... பின்பக்கமும் முன்பக்கமும் சரி... இடப்பக்கத்த விட வலப்பக்கம் ஒரு விரல் இறங்கி நிக்கிது.

முகைதீன்பாவா: அப்ப வலப்பக்கத்த இன்னும் இறுக்கு.

அஸ்கி: கிடக்கட்டும் மாமா.

முகைதீன்பாவா: என்ன கிடக்கட்டும்? மட்டம் பாக்க வந்த இடத்துல சரிச்சி அனுப்புறயா?

அஸ்கி: பாரம் படிஞ்சா சரியாகும். கொஞ்ச நேரம் இரிங்க.

நதீரா: நான் இறங்கிப் போய் மர்ஷூதாவப் பாத்து தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன். அஸ்கி, உன்ட பொண்டாட்டி உள்ளுக்குத்தானே இரிக்கா? மனே, வடிவாச் செஞ்சி குடு. நாளைக்கு சுபஹ் தொழுத கையோட வெளிக்கிடுறம். எல்ல மலைக்கு. உன்ட மாமா வந்த நேரம் டயர் சரியில்ல எண்ட. மறுகா பிரேக்கு. மறுகா மழை. இப்ப மூக்கு. இனிச் சொல்ல ஜீப்புல வேற உறுப்பு இல்ல.

முகைதீன்பாவா: போ புள்ள, போ. சீனி குறைச்சிக் கொண்டு வா.

அஸ்கி: ...மாமி சரியான சந்தோசத்துல இரிக்காங்க.

முகைதீன்பாவா: போயிட்டாளா?

அஸ்கி: போயிட்டாங்க. ஏன் மாமா?

முகைதீன்பாவா: கிட்ட வா. நாளைக்கு வெள்ளென வரிப்பத்தான்சேனையால சாலிஹ் வாறான்.

அஸ்கி: நெல்லு யாவாரம் செய்யிற சாலிஹா? என்னத்துக்கு?

முகைதீன்பாவா: ஜீப்பப் பாக்க. பிடிச்சா அப்படியே எடுத்துக்கொண்டு போவான். அதுக்குத்தான் மூக்க எழுப்பச் சொன்ன. பாக்கிறவன்ட கண்ணுக்கு நேரா நிக்கணுமே.

அஸ்கி: விக்கப்போறீங்களா? அப்ப லைற்று, வெளிச்சம், தூரத்து மாடு எண்டு சொன்னது...

முகைதீன்பாவா: அது நதீராவுக்கு.

அஸ்கி: மாமிக்கு இது தெரியுமா?

முகைதீன்பாவா: தெரிஞ்சா விடுவாளா? சாலிஹ் வந்து வாசல்ல நிண்டா, வந்த மனுசன மறிக்க மாட்டா.

அஸ்கி: மாமா, அவங்க இப்ப கிழங்கு ரொட்டிக்கு மா குழைக்கிற நினைப்புல இரிக்காங்க. ஏன் விக்கிறீங்க?

முகைதீன்பாவா: வயசு போச்சி மனே.

அஸ்கி: ஜீப்புக்கா?

முகைதீன்பாவா: ...ஜீப்புக்குத்தான்.

அஸ்கி: மாமி வாறாங்க. மாமி, தட்ட இஞ்ச தாங்க, நான் குடுக்கிறன். நீங்க ஏறி இரிங்க, மட்டம் மாறப்போகுது. மாமா, இந்தாங்க தேத்தண்ணி.

முகைதீன்பாவா: கடல் காத்து நல்லாத்தான் வருது இதுல.

அஸ்கி: மாமா... தேத்தண்ணி...

முகைதீன்பாவா: எங்கட வீட்டடியில இந்தக் காத்து இல்ல. மதிலக் கட்டிக் கட்டி...

அஸ்கி: மாமா... ஆறப்போகுது... இந்தாங்க, பக்கத்துலதானே நிக்கிறன்.

நதீரா: கோப்பைய எனக்கிட்ட நீட்டு மனே. நான் குடுக்கிறன். இந்தாங்க மச்சான்.

முகைதீன்பாவா: ஆ... வந்திட்டா? தேத்தண்ணி மணக்குது எண்டுதான் பாத்த.

அஸ்கி: ...நான் பின்னால போய்க் கையக் கழுவிப்போட்டு வாறன். ரெண்டு பேரும் அப்படியே இரிங்க. பாரம் படியட்டும்.

நதீரா: சுணங்கி வா மனே. அவசரம் இல்ல.

முகைதீன்பாவா: அவனை ஏன் சுணங்கச் சொல்லுற? மஃரிப் தொழுகைக்குள்ள வீட்ட போகணும்.

நதீரா: இஞ்சாருங்க... கண்ண மூடுங்க ஒருக்கா.

முகைதீன்பாவா: என்னத்துக்கு?

நதீரா: மூடுங்களன். ஜீப்பு ஆடுறது விளங்குதா?

முகைதீன்பாவா: ஓம்... காத்துல ஆடுது. தோணியில இரிக்கிற மாதிரி.

நதீரா: வெளிக்கிடுவமா?

முகைதீன்பாவா: எங்க?

நதீரா: நீங்க கட்டாருல இரிந்து ஃபோன்ல கூட்டிக்கொண்டு போற பாதை. மறந்திட்டீங்களா? இஷா தொழுதிட்டு எடுப்பீங்க. "நதீரா, ஏறிட்டயா? கதவச் சாத்தினயா?" எண்டு கேப்பீங்க. நான் பாயில படுத்துக்கொண்டு "ஓம், சாத்திட்டன்" எண்டு சொல்லுவன்.

முகைதீன்பாவா: கதவ வடிவாச் சாத்த மாட்டாய். ரெண்டாம் தரமும் சாத்தச் சொல்லுவன்.

நதீரா: எந்த நாளும் லாகுகலை வரைக்கும்தான். அங்க றோட்டுல ஆனை நிக்கும். அது கடக்குமட்டும் நிப்பம் எண்டு சொல்லுவீங்க. அதுக்குள்ள குறட்டை. நான் ஃபோன வெக்க மாட்டன். ஆனையும் நானும் தனிய நிண்டுகொண்டிருப்பம்.

முகைதீன்பாவா: ...நீ ஃபோன வெக்காம இருந்தயா?

நதீரா: உங்கட குறட்டையக் கேட்டுக்கொண்டு இருப்பன். இன்னொரு ஊருல ஒரு மனுசன் நித்திரை கொள்ளுற சத்தம். எனக்கு அது காணும். சரி, எடுங்க ஜீப்ப.

முகைதீன்பாவா: எடுத்தாச்சி. கல்முனைக்குடி தாண்டி... சாய்ந்தமருதுக்குள்ள போறம்.

நதீரா: மெதுவாப் போங்க. அஸர் தொழுது முடிஞ்சி ஆக்கள் வாறாங்க.

முகைதீன்பாவா: காரைதீவு. கோயிலடியில மாலை கட்டுறாங்க போல, மல்லிகப்பூ மணக்குது.

நதீரா: சந்தியில சுஜித்தா ரீச்சர் நிண்டு கை காட்டுறா.

முகைதீன்பாவா: அவ ஆரு? இதுக்கு முதல் இந்தப் பாதையில நிண்டதில்லயே.

நதீரா: ...தெரிஞ்சவ. சின்னக் கார் ஒண்டு வெச்சிருக்கா. பொம்புளயளுக்கு ஓட்டப் பழக்குறவ.

முகைதீன்பாவா: இஞ்ச பொம்புளயள் பழகுறாங்களா?

நதீரா: பழகுறாங்களாம்.

முகைதீன்பாவா: அவவ ஏத்துவமா?

நதீரா: வேணா. இது நாங்க ரெண்டு பேரும் மட்டும் போற பயணம்.

முகைதீன்பாவா: நிந்தவூர் முடிஞ்சிது. ரெண்டு பக்கமும் வயல் வருது. கதிர் பால் புடிக்கிற நேரம்... கண்ணாடிய இறக்கு நதீரா. அந்த வாசத்த நான் அங்க இரிந்து எத்தன நாள் தேடியிரிக்கன் தெரியுமா? ஃபோன்ல எல்லாம் வரும், வாசம் மட்டும் வராது.

நதீரா: இறக்கிட்டன். களியோடைப் பாலம் வருது. கியர மாத்துங்க, பாலம் முடிஞ்ச உடன ஒரு பள்ளம் இரிக்கி. அத வலப்பக்கமா வெட்டி எடுக்கணும்.

முகைதீன்பாவா: பள்ளமா? அது உனக்கெப்பிடித் தெரியும்?

நதீரா: நீங்கதானே ஃபோன்ல சொன்ன.

முகைதீன்பாவா: நான் பள்ளம் ஒண்டும் சொல்லல்லயே...

நதீரா: அப்ப பஸ்ஸுல போகக்குள்ள கண்டிருப்பன். றோட்டப் பாருங்க மச்சான். அக்கரைப்பற்று, தம்பிலுவில் எல்லாம் போச்சி. திருக்கோவிலும் போச்சி. வெயில் இறங்கிட்டு. கோமாரி வருது. இடப்பக்கம் பாருங்க... கடல்.

முகைதீன்பாவா: ம்.

நதீரா: பாருங்க மச்சான். மீன்தோணி ஒண்டு கரைக்கு வருது.

முகைதீன்பாவா: பாக்க ஏலா.

நதீரா: கண்ண மூடிக்கொண்டுதானே இரிக்கம்? மூடின கண்ணால பாக்க ஏன் ஏலா?

முகைதீன்பாவா: நதீரா... திறந்தாலும் ஏலா.

நதீரா: சொல்லுங்க, கேக்கிறன்.

முகைதீன்பாவா: நேர பாத்தா நேர தெரியிது. உன்ட முகத்தத் திரும்பிப் பாத்தா, முகம் வடிவாத் தெரியிது. ஓரம்தான் இல்ல. ரெண்டு பக்கமும் இல்ல. குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி. இப்ப அஸ்கி தேத்தண்ணிக் கோப்பைய எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டு நிண்டான்?

நதீரா: ஒள்ளுப்பம்... கொஞ்ச நேரம்தான்.

முகைதீன்பாவா: பொய் சொல்லாத.

நதீரா: ...ஆறிப்போற அளவுக்கு நிண்டான்.

முகைதீன்பாவா: அங்க நான் பள்ளிக்கூட பஸ்தானே ஓட்டின. ஒருநாள் ஒரு சின்னப் புள்ள. அதுட தண்ணிப் போத்தல் உருண்டு போச்சி. எடுக்கக் குனிஞ்சிரிக்கி, பஸ்ஸுக்குப் பக்கத்துல. நான் காணல்ல. பஸ்ஸ எடுத்திட்டன். கூட வாற பொம்புள கத்தின கத்துலதான் பிரேக்க அடிச்ச.

நதீரா: யா அல்லாஹ்... புள்ளைக்கு?

முகைதீன்பாவா: ஒண்டுமில்ல. அல்லா காத்தான். அது போத்தல எடுத்துக்கொண்டு, என்னப் பாத்துச் சிரிச்சிப்போட்டு ஏறிச்சி. அந்தச் சிரிப்பு இண்டைக்கும் என்ட நெஞ்சில நிக்கிது. சாவியக் குடுத்திட்டு இறங்கின. ஒப்பந்தம் முடிஞ்சிது எண்டு உனக்குச் சொன்ன.

நதீரா: டொக்டருக்கிட்டக் காட்டல்லயா?

முகைதீன்பாவா: காட்டின. போனது வராதாம். இரிக்கிறத வெச்சிக் காப்பாத்தலாமாம். சொட்டு மருந்து போடுறேனே, அது அதுக்குத்தான். தூசுக்கு எண்டு உனக்குச் சொன்னது பொய். இஞ்ச வந்தும் ஒருக்கா ஜீப்ப எடுத்துப் பாத்த. சாய்ந்தமருதுல ஒரு சைக்கிள்... முட்டல்ல, ஆனா முட்டியிருக்கும். வெளிச்சம் காணா, மூக்கு இறங்கிட்டு எண்டு ஜீப்புல பழியப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த. நதீரா, கோவமா?

நதீரா: கோவம்தான்.

முகைதீன்பாவா: கண் போனதுக்கா?

நதீரா: அதுக்கு ஏன் கோவம் வருது? இத்தன மாசம் பக்கத்துல படுத்துக்கொண்டு, தனிய வெச்சிக்கொண்டு இருந்தீங்களே. நான் என்ன வேற ஆளா?

முகைதீன்பாவா: ஃபோன்ல அத்தன வருசம் உன்ன ஏத்திக்கொண்டு போனவன். நேர வந்து, ஏத்த ஏலா எண்டு எந்த வாயால சொல்லுற? வெக்கமா இருந்திச்சி புள்ள. இன்னொண்டும் இரிக்கி. நாளைக்குக் காலத்தால சாலிஹ் வாறான். ஜீப்ப எடுக்க.

நதீரா: ஓ... அதுக்குத்தான் மூக்கா?

முகைதீன்பாவா: அதுக்குத்தான்.

நதீரா: வரட்டும். வாசல்ல நிண்டு கூப்பிட்டுப்போட்டு, ஆள் இல்லாட்டித் திரும்பிப் போவார்.

முகைதீன்பாவா: ஆள் ஏன் இல்லாமப் போற? நாங்க எங்க போறம்?

நதீரா: எல்ல மலைக்கு.

முகைதீன்பாவா: நான் இவ்வளவு நேரம் ஆருக்குக் கதைச்ச? என்னால ஓட்ட ஏலா நதீரா.

நதீரா: கேட்ட. நீங்க இடப்பக்கம் இரிங்க. ஓட்டுறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இரிக்கி. வாய்தான் கொஞ்சம் கூட. மத்தப்படி நிதானம்.

முகைதீன்பாவா: ஆரு? அஸ்கியா? அவன் கராச்சிய விட்டிட்டு வருவானா? இது ரெண்டு பேரும் போற பயணம் எண்டு நீதானே சொன்ன?

நதீரா: ரெண்டு பேரும்தான் போறம். கண்ண மூடுங்க மச்சான். கோமாரியில நிண்ட ஜீப்பு இன்னும் அதுலயே நிக்கிது. பொத்துவில்... வளைஞ்சி காட்டுப் பக்கம் திரும்பிட்டம். நேர நீங்க பாருங்க. ஓரத்த நான் சொல்லுறன்.

முகைதீன்பாவா: சொல்லு.

நதீரா: இடப்பக்கம் மயில். வரம்புல நடக்குது, தோகைய இழுத்துக்கொண்டு. வலப்பக்கம் குளம். தாமரை இலை முழுக்க மூடியிரிக்கி, தண்ணி கொஞ்சம்தான் தெரியிது.

முகைதீன்பாவா: நேர... நேர ஆனை நிக்கிது.

நதீரா: லாகுகலைதான். நித்திரை கொள்ளாதீங்க.

முகைதீன்பாவா: கொள்ளல்ல. காத ஆட்டுது. எங்களத்தான் பாக்குது... மெதுவாத் திரும்புது... நதீரா, அது கடந்து போகுது. போயிட்டு!

நதீரா: பாத்தீங்களா. இவ்வளவு நேரம்தான். அத்தன வருசமும் இந்தக் கொஞ்சத்துக்குள்ள நித்திரை கொண்டுபோட்டீங்க.

முகைதீன்பாவா: மலை தெரியிது. நீலமா... குளிருது புள்ள.

நதீரா: கண்ணாடிய ஏத்துறன். ஏன் அழுறீங்க?

முகைதீன்பாவா: காத்து... கண்ணுல பட்டிட்டு.

நதீரா: ஓம், தூசு. அஸ்கி வாறான், துடைங்க.

அஸ்கி: என்ன மாமா, ரெண்டு பேரும் நித்திரையா? பாங்கு சொல்ல நேரமாகுது. கடைசியா ஒருக்கா அளந்து பாக்கட்டா? ம்... இடப்பக்கம் அப்பிடியே... வலப்பக்கம் அதே ஒரு விரல். சரி, வேல முடிஞ்சிது.

முகைதீன்பாவா: முடியல்ல மனே. சாலிஹுக்கு ஜீப்பு இல்ல எண்டு சொல்லப்போறன். நாளைக்கு நாங்க எல்ல மலைக்குப் போறம்.

அஸ்கி: அல்ஹம்துலில்லாஹ்!

முகைதீன்பாவா: ஆனா நான் ஓட்டல்ல. எனக்குக் கண்ணு... பொறகு சொல்லுறன். நான் இடப்பக்கம் இரிக்கப் போறன். வலப்பக்கம் ஆரோ ஒரு ஆளாம், உன்ட மாமி பிடிச்சி வெச்சிரிக்காவாம், பேர் சொல்ல மாட்டாவாம். ஆள் மாறினா அளவும் மாறும் எண்டு நீதானே சொன்ன? திரும்ப ஜக்கப் போட்டு இறுக்கு.

நதீரா: அஸ்கி... இனிச் சொல்லு மனே. பறவாயில்ல.

அஸ்கி: இறுக்கத் தேவல்ல மாமா. காலத்தால ஜீப்ப நான் வந்து எடுக்கல்ல. மாமிதான் தனிய ஓட்டிக்கொண்டு வந்து, இந்த இடத்துல நேரா நிப்பாட்டிப்போட்டுச் சொன்னாங்க, "மனே, வலப்பக்கம் நான், இடப்பக்கம் உன்ட மாமா, அந்தப் பாரத்துக்கு மட்டம் பாரு... அவருக்கு ஓரக் கண் தெரியா, அவரா வாய் திறந்து சொல்லுமட்டும் நீயும் தெரியாத மாதிரி இரி" எண்டு. நான் அந்தக் கணக்குலதான் இறுக்கின. ரெண்டு பேரும் இறங்கி இடத்த மாத்தி இரிங்க... வலப்பக்கம் அந்த ஒரு விரலும் எழும்பும்.